யாரோ நீட்டிய நூல்

வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் வரை தண்டவாளம் எங்கும் அறுபடாமல் வருகிறது. தர்மனால் வந்து சேர முடிந்தது அதனால்தான்.

இடது செருப்பின் ஓரத்தை இரும்பில் உரசியபடியே நடந்தார். அதற்கு முன், சொந்த ஊர் தென்னேரியிலிருந்து தார் ரோட்டோரமாக வாலாஜாபாத்துக்கு வர ஒரு நாள் ஆனது. அங்கிருந்து காஞ்சிபுரத்துக்கு இன்னொரு நாள். முதுகு சுட்டால் காலை, முகம் சுட்டால் மாலை. நடுவில் ஒரு ரயில் நின்றிருந்தது. பெட்டி பெட்டியாகத் தடவி அதைத் தாண்டினார். உள்ளே யாரோ தண்ணீர் கேட்டார்கள். அவரிடம் இருந்தது ஒரு பாட்டில். அது மகள் சந்தியாவுக்கு. காது கேட்காதவர் போலக் கடந்துவிட்டார்.

பார்வை போய் அன்றோடு பதினோரு நாள். தை மாதத்துப் புதன்கிழமை, காலை பத்தேகால் மணி வாக்கில், கண் உள்ள அத்தனைக்கும் ஒரே நொடியில் போனது. மனிதருக்கு, மாட்டுக்கு, நாய்க்கு, பல்லிக்கு. இருட்டு வந்தது என்று சொல்ல முடியாது. இருட்டைப் பார்க்கவும் கண் வேண்டும். காக்கைகள் மின்கம்பிகளில் மோதி விழுந்தன. பேருந்துகள் எங்கெங்கே மோதினவோ அங்கங்கே கிடந்தன. எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று ரேடியோவில் ஒரு பெண்குரல் மூன்று நாள் சொன்னது. நான்காம் நாள் அந்தக் குரலும் இல்லை.

சந்தியா ஏனாத்தூரில் எம்.எஸ்சி. படிக்கிறாள். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், காஞ்சிபுரத்தில் சாயக்காரத் தெருவில் ஒரு நெசவுக்காரர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தாள். இரண்டாம் நாள் போனில் பேசினாள். "அப்பா, நான் கமலாட்சி அக்கா வீட்ல சேஃபா இருக்கறேன். நீ கெளம்பி வந்துடாத." அத்தோடு டவர் போனது. தர்மன் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு பொறுக்கவில்லை.

ஸ்டேஷனிலிருந்து குரல்களைக் கேட்டுக் கேட்டுப் போனார். வீட்டு வாசல்களில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். "நேரா போ, சாக்கடை நாத்தம் வந்தா சோத்தாங்கைப் பக்கம் திரும்பு" என்றார் ஒருவர். அவர் சொன்னது சரியாக இருந்தது.

"நில்லு, நில்லு. காலை இழுத்துக்கினு வர்றதப் பார்த்தா வெளியூரு ஆளு" என்றது தெருமுனையில் ஒரு குரல்.

"பார்த்தீங்களா?"

"சும்மா ஒரு பேச்சுக்கு சார். நான் பொறந்ததுல இருந்தே பார்த்ததில்ல. பேரு ஜான்சன். முப்பது வருசமா கோயில் வாசல்ல கற்பூரம் விக்கிறேன். இத்தினி நாளா நான் ஒண்டியா இருந்தேன், இப்ப ஊரே நம்ம கட்சி. இந்தத் தெருவுக்கு நான்தான் கண் டாக்டரு."

தர்மனுக்குச் சிரிப்பு வரவில்லை. "கமலாட்சின்னு ஒருத்தங்க வீடு..."

அந்தக் குரல் கொஞ்சம் தயங்கியது. "நீங்க யாரு அவங்களுக்கு?"

"மாடியில இருக்கிற பொண்ணோட அப்பா."

ஜான்சன் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. தர்மனின் கையைப் பிடித்து ஒரு நூலின் மேல் வைத்தார். நெஞ்சு உயரத்தில், வீட்டுக்கு வீடு ஜன்னல் கம்பியில் கட்டி, தெரு நீளத்துக்கும் இழுத்திருந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவுக்கு வைத்திருந்த பட்டு நூலைப் பல இழையாக முறுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் கணக்கில் முடிச்சு. "எண்ணிக்கினே வாங்க. ஒம்போது முடிச்சு சேர்ந்தாப்பல வந்தா அந்த வீடு. நானும் வர்றேன்." அதன் பிறகு அவர் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை.

ஒன்பது முடிச்சு வந்தது.

"யாரு?" என்றாள் ஒரு பெண்.

"சந்தியாவோட அப்பா வந்திருக்கேம்மா."

உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் கீழே வைக்கப்பட்டது.

"உள்ள வாங்கண்ணா. மொதல்ல தண்ணி குடிங்க."

கஞ்சியும் சாயமும் கலந்த வாசனை அடித்த கூடம். டம்ளர் கைக்கு வந்தது. தண்ணீர் கசந்தது. சாயம் இறங்கிய கிணற்றுத் தண்ணீர்.

"பொண்ணு எங்கம்மா?"

"அஞ்சு நாளாச்சுண்ணா. காணோம்."

தர்மன் டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினார். கிடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

கமலாட்சி சொன்னாள். நூல் தெருவைத் தாண்டி, திருப்பத்துக்கு அப்பால் இருக்கும் அடிபம்பு வரை போகிறது. ஐந்தாம் நாள் சாயங்காலம் அவள் கணவர் தேவேந்திரன் குடத்தோடு நூலைப் பிடித்துக்கொண்டு போனார். திரும்பவில்லை. மறுநாள் சந்தியா, "நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன் அக்கா" என்று போனாள். அவளும் திரும்பவில்லை. மூன்று நாளில் தெருவில் பத்தொன்பது பேர். அதன் பிறகு அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. கசக்கிற கிணற்றுத் தண்ணீரையே குடிக்கிறார்கள்.

"எங்கனா விழுந்து கிடப்பாங்க. ஆள் சேர்த்துத் தேடலியா நீங்க?" தர்மனின் குரல் உயர்ந்தது.

"மெதுவா பேசுங்க சார்" என்றார் ஜான்சன். "ஒண்ணு சொல்றேன், பைத்தியம்னு நெனைக்காதீங்க. நம்மள ஒருத்தன் பார்த்துக்கினு இருந்தா எனக்குத் தெரியும். கழுத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். கோயில் வாசல்ல உக்காந்தவன், எத்தினி பேரு பார்ப்பாங்க? அந்த எறும்பு இல்லாத நாளே எனக்குக் கெடையாது. அன்னிக்குப் பத்தேகாலுக்கு அது போயிடுச்சு. ஊரே கத்துது, அழுவுது. நான் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுக் காத்தாட உக்காந்தேன். அப்பாடா, ஒருத்தனும் பார்க்கலன்னு."

அவர் எச்சில் விழுங்கியது கேட்டது.

"அஞ்சாம் நாளு எறும்பு திரும்ப வந்துடுச்சு சார்."

"அப்படின்னா?"

"கண்ணு தெரியிறவன் ஒருத்தன் இந்தத் தெருவுல நடக்கிறான். தடவாம, தயங்காம நடக்கிற காலு. நானே கேட்டேன். கமலாட்சியும் கேட்டுது."

"அப்ப நல்லதுதானே. கூப்பிட்டு உதவி கேக்க வேண்டியதுதானே!"

"கேட்டோம். எதிர்ல வந்து நின்னான். பதில் சொல்லல. போயிட்டான்."

வெளியே ஒரு மாடு சுவரில் மோதிப் பெருமூச்சு விட்டது.

கமலாட்சி அழத் தொடங்கினாள். சத்தம் இல்லாத அழுகை. மூக்கை உறிஞ்சுவது மட்டும்தான் தெரிந்தது. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ணா. நான்தான் அனுப்பிட்டேன். உங்க பொண்ணையும், எங்க வீட்டுக்காரரையும்."

அவள் தொழில் பாவு பிணைப்பது. தறியில் ஒரு பாவு முடிந்ததும், பழைய பாவின் ஆயிரக்கணக்கான இழை நுனிகளோடு புதிய பாவின் நுனிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். விரலில் சாம்பல் தொட்டு, இரண்டு நுனிகளை ஒட்ட வைத்து, ஒரு முறுக்கு. முடிச்சே கிடையாது, ஆனால் பிரியாது. இருபது வருடமாகச் செய்கிறாள். கண் அதில் பார்ப்பதே இல்லை. விரல்தான் பார்க்கும்.

"அஞ்சாம் நாளு நூலு திருப்பத்துல அறுந்து தொங்கிச்சு. தறிக்காரங்க கைண்ணா, அறுந்தா பிணைச்சுடும். யோசிக்கவே யோசிக்காது. ஒரு நுனி கையில இருந்துச்சு. இன்னொண்ணைத் தேடிக் குனியறதுக்குள்ள கைக்கு வந்துடுச்சு. தரையில இருந்து இல்ல. என் கை இருந்த ஒசரத்துலயே, நேரா, ரெண்டு விரலுக்கு நடுவுல. யாரோ தெருக்காரங்க எடுத்துக் குடுக்கறாங்கன்னு பிணைச்சுட்டேன். தேங்க்ஸ்பான்னுகூடச் சொன்னேன்."

தர்மன் டம்ளரைத் தரையில் வைத்தார்.

"சந்தியாவும் போன அன்னிக்கு ராத்திரி படுத்தப்பறம்தான் ஒறைச்சுது. இந்த ஊருல இப்ப யாரால, என் விரலுக்கு நடுவுல குறி தப்பாம ஒரு நூல் நுனியை நீட்ட முடியும்?"

"அப்பவே அறுத்துத் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"அவரு அதப் பிடிச்சுக்கினு போயிருந்தாருண்ணா. அப்பறம் சந்தியாவும். அறுத்துட்டா எதப் பிடிச்சுத் திரும்புவாங்க?"

தர்மன் எழுந்து வாசலுக்குப் போய் நூலைத் தேடிப் பிடித்தார்.

கமலாட்சியும் ஜான்சனும் திருப்பம் வரை வந்தார்கள். அவள் பிணைத்த இடத்தைத் தர்மனின் விரலால் தொட வைத்தாள். சாம்பல் நெரநெரத்தது. "நான் இங்கியே நூலைப் பிடிச்சுக்கினு நிப்பேன். நூலு என் கையில இருக்கிற வரைக்கும் எத்தினி பேரு பிடிச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். எல்லார் கையும் நடுங்கும்ணா. அதோட கை மட்டும் நடுங்காது."

பிணைப்புக்கு அப்பால் இருந்த நூல் பட்டு இல்லை. பட்டுக்கு ஒரு பிடிப்பு உண்டு. இது வழுக்கியது. இழை இல்லை, முறுக்கு இல்லை, சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை.

முகத்தில் வெயில் விழுந்தது. சாயங்காலம். கண்களைத் திறந்தே வைத்திருந்தார். மூடினாலும் ஒன்றுதான் என்றாலும் எல்லோரும் திறந்தே வைத்திருந்தார்கள். ஒருவேளை பார்வை திரும்ப வந்தால் தெரிய வேண்டுமே.

நூறு அடி போன பிறகுதான் ஒன்று உறைத்தது. வழியில் எதுவும் இடறவில்லை. பதினோரு நாளாக எந்தத் தெருவிலும் பத்தடி சும்மா நடக்க முடியாது. விழுந்த பைக், கவிழ்ந்த தள்ளுவண்டி, படுத்திருக்கும் மாடு. இங்கே ஒன்றும் இல்லை. யாரோ வழியைச் சுத்தமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

இரண்டாவது திருப்பத்தில், பக்கத்தில் யாரோ நடந்துவந்தார்கள்.

நூலைப் பிடிக்காத நடை.

"யாருப்பா?"

பதில் இல்லை. நடை நிற்கவும் இல்லை. தர்மன் வேகம் கூட்டினார், அதுவும் கூட்டியது. ஓரிடத்தில் ஒரு கை அவர் முழங்கையைத் தொட்டு, லேசாக வலப்புறம் நகர்த்தியது. இடது காலில் ஒரு பள்ளத்தின் விளிம்பு பட்டு நழுவியது. விழாமல் அந்தக் கைதான் பிடித்தது. காய்ந்த, மென்மையான கை.

நன்றி சொல்ல வாய் திறந்தவர் கமலாட்சியை நினைத்து மூடிக்கொண்டார்.

கல் தரை. தலைக்கு மேல் கூரை வந்ததைக் காலடி எதிரொலி சொன்னது. பாழடைந்த சத்திரமாக இருக்கலாம். பழைய எண்ணெய் நாற்றம், மனித வியர்வை, மூத்திரம்.

மூச்சுகள்.

நிறைய மூச்சுகள், வரிசையாக, அசையாமல்.

அந்தக் கை அவரைத் தோளைப் பிடித்து ஓரிடத்தில் நிறுத்தியது. இரண்டு விரல்கள் அவர் முகவாயைத் தொட்டு முகத்தைக் கொஞ்சம் இடதுபுறம் திருப்பின. பிறகு, கணக்கு சரியாக இல்லை என்பதுபோல, இன்னும் கொஞ்சம்.

காலடிகள் விலகிப் போயின.

"சந்தியா" என்றார், உதடு மட்டும் அசைய.

வலது பக்கம் மூன்றாவது ஆளின் மூச்சு நின்றது.

"அப்பா?"

அவர் அசையப் போனார்.

"அசையாதப்பா! நகர்ந்தா தெரிஞ்சுடும். வந்து திரும்ப நிறுத்திடும். நான் ரெண்டு வாட்டி ஓடினேன். ரெண்டு வாட்டியும் கையைப் பிடிச்சு இட்டுக்கினு வந்து இதே எடத்துல நிறுத்திடுச்சு. அடிக்கல, ஒண்ணும் பண்ணல. தண்ணிகூட வாயில ஊத்துது."

"யாரும்மா அது?"

"தெரியலப்பா." அவள் குரல் தேய்ந்திருந்தது, ஆனால் பாடம் ஒப்பிப்பது போன்ற அந்த ஒழுங்கு குரலில் அப்படியே இருந்தது. "நம்ம பார்வை எங்கயும் போவல. அதுகிட்ட இருக்குது. நம்ம கண்ணு முன்னாடி என்ன இருக்குதோ அதெல்லாம் அதுக்குத் தெரியுது. அதுக்குத்தான் நம்மள நாலா பக்கமும் திருப்பி நிக்க வெச்சிருக்குது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல தேவேந்திரண்ணன். அவருக்கு சளி. அவரு தும்மறப்போ கண்ணு மூடுமில்ல, அது அவரு எதிர்ல நடந்துக்கினு இருந்தா அப்ப கால் தடுமாறும். நாலஞ்சு வாட்டி கவனிச்சேன். நான் கண்ண மூடிப் பார்த்தேன். வேற யாரோட கண்ணாலயோ என்னைப் பார்த்துட்டு வந்து, விரலால என் இமையைத் தூக்கி விட்டுடுச்சு."

தர்மனுக்கு, வரும்போது வழியெல்லாம் கண்களைத் திறந்து வைத்திருந்தது நினைவுக்கு வந்தது.

"எல்லாரும் ஒரே நேரத்துல மூடினா?"

"அதத்தான் சொல்லிக்கினே இருக்கறேன். மூடிட்டு எங்க போறது, நூலை இந்நேரம் அறுத்திருப்பாங்கன்றாங்க."

"அறுக்கல" என்று தர்மன் கொஞ்சம் உரக்கவே சொன்னார். "நூலு இருக்குது. கமலாட்சி அந்த முனையைப் பிடிச்சுக்கினு நிக்குது."

வரிசையில் யாரோ விம்மினார்கள். "அவ நிக்கிறாளா?" என்றது ஓர் ஆண்குரல், மூக்கடைப்போடு. தேவேந்திரன்.

வார்த்தை ஒவ்வொரு ஆளாக வரிசையில் போனது. கண்ணை மூடணும். நூலைப் பிடிக்கணும். என்ன கேட்டாலும் திறக்கக் கூடாது. தர்மன்தான் வாசலுக்கு அருகில் இருந்தார். நூல் அவர் கைக்கு எட்டியது. ஒருவர் கையை ஒருவர் பிடித்தார்கள்.

கல் தரையில் காலடிகள் திரும்பி வந்தன. வேகமாக.

"மூடுங்க!"

காலடிகள் நின்றன.

ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு எதுவோ தூணில் மோதியது. பிறகு தரையில் கைகள் தடவும் சத்தம். பதினோரு நாளாக இந்த உலகம் முழுக்கக் கேட்கிற அதே சத்தம்.

அது தேடியது.

தர்மன் நூலைப் பிடித்து நடந்தார். மகளின் கை அவர் கையில் இருந்தது. பின்னால் பத்தொன்பது பேரின் கால்கள் ஒன்றின்மேல் ஒன்று மிதித்தன. யாரும் கத்தவில்லை. தெருவின் ஈரக்காற்று முகத்தில் பட்டது. முதல் திருப்பம். பின்னால் அது சுவரில் உரசி, விழுந்து, எழுந்து வந்தது.

சந்தில் எங்கோ ஒரு நாய் முனகியது.

விழுந்து எழுந்த கால்கள் சட்டென்று சீராயின.

"நாய்!" என்றாள் சந்தியா. "அப்பா, நாய் பார்க்குது! ஓடு!"

ஓடினார்கள். கடைசியில் இருந்தவர்களிடமிருந்து ஒரு கூச்சல் எழுந்து பாதியில் நின்றது. நூல் தர்மனின் உள்ளங்கையைக் கிழித்தது. பிறகு விரலில் சாம்பலின் நெரநெரப்பு.

"வந்துட்டீங்களாண்ணா?" என்றாள் கமலாட்சி எதிரில்.

"கண்ண மூடும்மா! ஜான்சன், கமலாட்சி கண்ணப் பொத்து!"

ஜான்சன் ஏன் என்று கேட்கவில்லை. ஓர் அறை விழுந்த சத்தம் போலக் கேட்டது, அவர் அவள் முகத்தைப் பொத்தியது.

கமலாட்சி ஒவ்வொருவராகத் தொட்டுத் தெருவுக்குள் தள்ளினாள். எண்ணிக்கொண்டே தள்ளினாள். தர்மன், சந்தியா, அவர்களுக்குப் பின்னால் பதினேழு பேர்.

"அவரு எங்க?"

எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு, தேவேந்திரன்தான் கடைசியாக வந்தார்.

"அறுத்துடும்மா" என்றார் ஜான்சன். "எறும்பு வந்துடுச்சு. அறுத்துடு."

"இருங்க. யாரோ பிடிச்சிருக்காங்க." அவள் நூலில் விரல் வைத்திருந்தாள். பாவில் ஓர் இழை தளர்ந்தால் கண்டுபிடிக்கும் விரல். "ஒருத்தர் வர்றாரு. மெதுவா வர்றாரு."

"நடுங்குதா?" என்றார் தர்மன்.

அவள் நூலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"சொல்லும்மா, கை நடுங்குதா?"

நூல் அறுந்த சத்தம் சின்னதாகத்தான் இருந்தது.

அன்றிரவு சாயக்காரத் தெருவில் எல்லோர் கண்ணிலும் துணி கட்டினார்கள். கோழிகளுக்கும் இரண்டு பசுக்களுக்கும் கட்டினார்கள். பட்டுச் சேலையைக் கிழித்த சத்தம் வீட்டுக்கு வீடு கேட்டது. சந்தியாவின் கண்ணைக் கமலாட்சியே கட்டினாள். கட்டி முடித்துவிட்டுத் தர்மனிடம் சொன்னாள்:

"நடுங்கலண்ணா." மிச்சத் துணியைச் சுருட்டியபடி, "ஆனா எங்க வீட்டுக்காரரு கையும் நடுங்காது. நாப்பது வருசம் தறியில உக்காந்த கை. ஒரு நாளும் நடுங்கி நான் பார்த்ததில்ல."

தர்மன் அவள் தலையில் கை வைத்தார். வேறு செய்ய எதுவும் இல்லை.

மறுநாள் இருவரும் ஊருக்குக் கிளம்பினார்கள். வெயில் எந்தப் பக்கம் சுடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க இப்போது அவருக்கு அவசியமில்லை. தண்டவாளம் இருந்தது, மகள் இருந்தாள். நாத்தப்பேட்டை தாண்டி ஒரு நாய்க்குட்டி அவர்கள் காலில் வந்து விழுந்தது. சந்தியா உட்கார்ந்து, துப்பட்டா நுனியைக் கிழித்து, அதன் தலையைத் தடவிக் கண்ணைக் கட்டினாள். அது அவள் விரலை நக்கியது. பின்னால் எந்தக் காலடியும் இல்லை. சரளைக்கல்லில் அவர்கள் நடை மட்டும்தான்.

"வீட்ல மாடு கன்னு இருக்குதேப்பா?"

"போனதும் கட்டிடலாம்."

"கோழி?"

"அதுக்கும் கட்டலாம். உங்கம்மாவுக்கு வேலை கெடைச்சா சந்தோசம்தான். உன்னைப் பார்த்தா இன்னும் சந்தோசம்."

அவள் சிரித்தாள். பன்னிரண்டு நாளில் அவர் கேட்ட முதல் சிரிப்பு அது. இரண்டாம் நாள் மாலை, செருப்பின் கீழ் தார் முடிந்து மண் வந்தது. குளிர்ந்த காற்று. தென்னேரி ஏரிக்கரை. இன்னும் அரைக் கிலோமீட்டரில் வீடு.

சந்தியா நின்றாள்.

"அப்பா, இன்னா சத்தம் அது?"

தர்மன் கேட்டார். ஏரி முழுவதும் ஒரு முணுமுணுப்பு. தை மாதம். மழைக்குப் பிறகு நிறைந்த ஏரியில் வந்து இறங்கிய நாரைகளும் கூழைக்கடாக்களும் நீர்க்கோழிகளும், திரும்பிப் போக வழி தெரியாமல் தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தன. அவர் கிளம்பிய அன்றும் இந்தச் சத்தம் இருந்தது. அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

"பறவைங்க."

"எத்தினி இருக்கும்?"

அவள் கை அவர் கையில் இறுகியது.

முணுமுணுப்பு நின்றது.

ஒரே நேரத்தில், ஏரி முழுவதும்.

பிறகு தண்ணீர் சலசலத்தது. ஆயிரக்கணக்கான உடல்கள் நீரில் ஒரே பக்கமாகத் திரும்பும் சத்தம். கரையை நோக்கி.

நாய்க்குட்டி அவர் காலுக்கிடையில் ஒடுங்கியது.

கரை மண்ணில், பின்னால், காலடிகள். தடவவில்லை. தயங்கவில்லை. அவசரமும் இல்லை.

"கட்டை அவுக்காதம்மா" என்றார் தர்மன். "எது வந்தாலும் அவுக்காத." அவளை நெஞ்சோடு சேர்த்து அணைத்து, அவள் கண்கட்டின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

காலடிகள் நின்றன. மூக்கடைத்த ஒரு மூச்சு, சத்திரத்து வரிசையில் கேட்ட அதே மூச்சு, அவர் பிடரியில் பட்டது.

அவருடைய பின்மண்டையில், துணி முடிச்சின் மேல், இரண்டு விரல்கள் வந்து அமர்ந்தன. கொஞ்சமும் நடுங்காமல், தொழில் தெரிந்த கை போல, அவை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கின.